தாராபுரத்துக்கு மென்பொருள் பூட்டப் போன கதை

“மென்பொருள் பூட்ட வந்தனான்” என்று நான் சொன்னதும் வாசற்காவலரின் முகம் வெளிறிப்போனது.

“பூட்டறதுக்குங்களா? கம்பெனியவுங்களா?” என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினார்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மின்விசிறி பூட்டுவோம், தண்ணீர் மோட்டார் பூட்டுவோம், கணினிக்குள் மென்பொருளும் பூட்டுவோம். பொருத்துவது என்று அர்த்தம். தாராபுரம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி வாசலில், காலை ஒன்பது மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டையோடும் கையில் கறுப்புப் பெட்டியோடும் ஒருத்தி வந்து நின்று பூட்ட வந்ததாகச் சொன்னால் அங்கே என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு நிமிடத்தில் நான்கு பேர் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவர் முதலாளி ரத்தினசாமி ஐயா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. என் அட்டையைப் படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“கொழும்புல இருந்து வர்ற கம்ப்யூட்டர் அம்மணிங்களா! வாங்க வாங்க. மொதல்ல சாப்டாச்சுங்களா?”

அடுத்த பதின்மூன்று நாளும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் என்னிடம் வேறு பேச்சுத் தொடங்கவில்லை.

நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் போட்டு, அதை அங்கே இருப்பவர்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. தாராபுரத்துக்கு மூன்று பேர் போவதாக இருந்தது. ஒருவர் விலகிப்போனார், இன்னொருவரை வேறு திட்டத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது நான். பன்னிரண்டு வாரத்து வேலையை இரண்டு வாரத்தில் முடித்துத் தருவதாக எங்கள் முகாமையாளர் பிரதீபன் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னார். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தொலைபேசியில் சொன்னார்.

பிரதீபன் நல்ல மனிதர்தான், வேலை நேரத்தைத் தவிர. தொழிற்சாலை ஒன்றுக்குள் அவர் கால் வைத்ததில்லை. அவரிடம் ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து என்று நாளுக்கு மூன்று முறை அழைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் கேட்பார். ஆங்கிலத்தில்தான் பேசுவார், இங்கே தமிழில் தருகிறேன்.

“தர்சினி, வெட்டும் பிரிவு என்ன நிறம்?”

“இன்னும் அந்தப் பக்கமே போகவில்லை.”

“சரி, மஞ்சள் என்று போடுகிறேன்.”

அமராவதி ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை. அங்கே எனக்கு முதலில் அறிமுகமானது காற்று. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை காற்றாலைகள் நிற்கின்றன. அவை சும்மா நிற்கவில்லை. துவைத்துக் காயப்போட்ட என் துணி ஒன்று முதல் நாளே பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் ஏறிவிட்டது. அந்த வீட்டுக்காரம்மா அதை மடித்து, ஒரு பிடி முருங்கைக்கீரையோடு கொண்டுவந்து தந்தார். “காத்துக் காலமுங்க. சீலையெல்லாம் முடிச்சுப் போட்டுத்தான் காயப்போடோணும்.” லாட்ஜ் அறையில் கீரையை வைத்து என்ன செய்வது? கீழே மெஸ் நடத்தும் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை எனக்கே பொரியலாக்கித் தந்தார்.

அந்த மெஸ்ஸில்தான் சந்தகை சாப்பிட்டேன். பார்க்க எங்கள் இடியாப்பம் மாதிரியே இருந்ததால் சொதி எங்கே, சம்பல் எங்கே என்று தேடினேன். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வந்தன. இன்னொரு தட்டில் எலுமிச்சை பிழிந்து தாளித்ததும் வந்தது. நாங்கள் மாவைப் பிழிந்துவிட்டு அவிப்போம். இவர்கள் அவித்துவிட்டு, சுடச்சுடப் பிழிகிறார்கள். இதைப் பார்க்க அடுப்படி வரை போனேன். அறைக்குத் திரும்பியதும் ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். “அவிச்ச மாவைப் பிழிய என்ன பலம் வேணும்!” என்று அம்மா வியந்தார். எனக்கு இடியாப்பம்தான் மேல் என்று எழுத ஆசை. ஆனால் நான் ஆறு நாள் சந்தகை சாப்பிட்டேன்.

கம்பெனியில் குழந்தைகளுக்கான டி-சர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பின்னல் துணியில் எதைத் தைத்தாலும் இந்தப் பக்கத்தில் அது பனியன் கம்பெனிதான். நூறு பேருக்கு மேல் வேலை, பெரும்பாலும் பெண்கள். நான் மென்பொருளைத் திறந்து காட்டிய இரண்டாம் நாள், கணினியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். முதல் திரையிலேயே ‘கொழுந்தின் தரம்’ என்று ஒரு கட்டம் வந்தது. அதை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியவில்லை.

“கொழுந்துன்னா என்னுங்க அம்மணி?”

எனக்கே சற்று நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குச் செய்ததை அப்படியே பிரதி எடுத்து, மேலே பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து முதல் தரமா, இரண்டாம் தரமா என்று ஒவ்வொரு டி-சர்ட்டுக்கும் அது கேட்கிறது. நான் உண்மையைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: “அப்ப பனியன வடிகட்டி டீ போட்டுத் தருமுங்களா?” அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மல்லிகா அக்கா. பேக்கிங் பிரிவுக்குத் தலைவி. நாற்பது வயதிருக்கும். காதில் பெரிய தோடு, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் எப்போதும் ஒரு துண்டுச்சீட்டுக் கட்டு. மதியம் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பிரிவின் பெருங்கவலையை ஒரே கேள்வியில் கேட்டார்.

“அம்மணி, உங்க சாப்ட்வேரு எங்கள எண்ண வெக்குமுங்களா, எண்ணாம இருக்க வெக்குமுங்களா?”

ஒவ்வொரு முறை லாரி ஏற்றும்போதும் ஒரு பெட்டியோ இரண்டு பெட்டியோ கணக்கில் இடிக்குமாம். எது என்று தெரியாது. கட்டிய பெட்டிகளை எல்லாம் பிரித்துத் திரும்ப எண்ணுவார்கள். வீட்டுக்குப் போகவேண்டிய பதினொரு பெண்கள் எண்ணி முடியும்வரை நிற்பார்கள். போன தடவை எண்ணியும் பிசகி, அளவு மாறிப்போய், வாங்குகிறவர்களிடம் இருந்து திட்டு வந்திருக்கிறது.

“எண்ணாமல் இருக்க வைக்கும் அக்கா, சரியாகச் செய்தால்” என்றேன்.

“நெம்பச் சோலிங்களா அது?”

“ஓம், சரியான சோலிதான்.”

இரண்டு பேரும் தலையாட்டினோம். அவர் ஊரில் சோலி என்றால் வேலை. எங்கள் ஊரில் சோலி என்றால் தொல்லை. இது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் பொருத்தம் இருந்ததால் இடையில் ஒரு குழப்பமும் வரவில்லை. ஆமாம் என்பதற்கு நான் சொல்லும் “ஓம்” மட்டும் அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. நான் ஓம் என்றதும் யாராவது ஒருத்தி “நமசிவாய” என்று முடித்துவைப்பாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி அழைப்பில் பிரதீபன் நிறம் கேட்கவில்லை.

“ஏற்புப் படிவம் அனுப்பியிருக்கிறேன். அச்செடுத்து முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிடு. இந்தக் காலாண்டுக் கணக்கில் வரவேண்டும்.”

“ஒன்பது பிரிவில் ஒன்றுகூட ஓடவில்லையே.”

“கையெழுத்து வந்தால் எல்லாம் பச்சை. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” சற்று நிறுத்தி, “கையெழுத்து இல்லாமல் வந்தால் உனக்கு இங்கே மேசை இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது” என்றார்.

என் சம்பளத்தில் தம்பி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். படிவத்தை அச்செடுத்தேன். ‘ஒன்பது பிரிவுகளும் திருப்தியாக இயங்குகின்றன’ என்று அதில் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை மதியம் முதலாளி வீட்டில் சாப்பாடு. ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு. “ஒறம்பர வந்தா லாட்ஜுல திங்க உடுவமுங்களா?” என்று அவர் மனைவி என்னைத் திட்டிக்கொண்டே இலை போட்டார். உறவினரையும் விருந்தினரையும் இவர்கள் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குழையாமல் வெந்த சோறு. மேலே நெய், பக்கத்தில் கத்தரிக்காயும் கெட்டித் தயிரும். எங்கள் வீட்டில் பருப்பு என்றால் தேங்காய்ப்பால் விட்ட கறி. சோற்றோடே பருப்பை வேகவைத்தால் அது காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது என்றுதான் எண்ணியிருந்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஐயா கேட்டார். “உங்க மேனேஜரு பேசுனாருங்க. ஏதோ கையெழுத்துப் போடோணுமாமே? கொண்டாங்க.” இடது கையால் பையில் இருந்து பேனாவை எடுத்துவிட்டார். படிக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பெண் தருகிற காகிதம்தானே என்ற நம்பிக்கை.

நான் பையில் இருந்து படிவத்தை எடுத்தேன். அவர் கைக்குப் போகும் முன்னே திரும்ப இழுத்துக்கொண்டேன்.

“வேண்டாம் ஐயா. போடாதேங்கோ. இதில எழுதியிருக்கிறது உண்மை இல்லை. ஒண்டும் ஓடேல்ல.”

பேனா அப்படியே நின்றது. அவர் முகம் சிவந்தது.

“ரெண்டே வாரத்துல எல்லாம் ஓடும்னு வீடியோவுல சொன்னாருங்களே உங்க மேனேஜரு! அத நம்பி வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுதிப்போட்டனுங்க, இந்த லோடுல இருந்து பொட்டிக்குப் பொட்டி லேபிள் வருமின்னு. இப்ப நான் என்ன பண்றதுங்க?”

அவர் மனைவி தயிர்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தார். “சோத்த முன்னால வெச்சுக்கிட்டு என்னத்துக்குங்க கோவம்? பொய் சொன்னவரு அங்க இருக்கறாரு. உண்மையச் சொன்ன புள்ளைகிட்டயா சத்தம் போடறீங்க?”

ஐயா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, இம்முறை மெதுவாகக் கேட்டார். “அப்ப எதுதானுங்க ஓடும்?”

“பேக்கிங். அதை மட்டும் எண்டால் அடுத்த சனிக்கிழமை லாரி வர முதல் ஓட வைப்பன். வேற ஒண்டையும் தொட மாட்டன்.”

“ஓட வெச்சுருவீங்களா?”

“ஓம் ஐயா.”

அவர் படிவத்தை வாங்கி நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று பிரதீபனை அழைத்தேன். காங்கயம் காளை ஒன்று, கொம்பு இரண்டும் அரிவாள் மாதிரி, என்னைப் பார்த்தபடி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பேசியதால்தானோ என்னவோ, எனக்குப் பயம் பிரதீபன் மேல் வரவில்லை. கையெழுத்து வாங்கவில்லை, பேக்கிங் மட்டும் செய்யப்போகிறேன், சனிக்கிழமை வரை நாளுக்கு ஒருமுறை மாலையில் மட்டும் பேசலாம் என்றேன். “இதன் விளைவுக்கு நீதான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு வைத்தார். ஆறு வருட வேலையில் அவரிடம் நான் சொன்ன முதல் ‘முடியாது’ அது. காளை மூச்சுவிட்டது. நானும் விட்டேன்.

அதன்பின் வந்த நாட்களைப்போல் வேலையில் நான் மகிழ்ச்சியாக இருந்ததே இல்லை. ஞாயிறு முழுக்க லாட்ஜ் அறையில், காற்று சன்னலை அடிக்க அடிக்க, கொழுந்தின் தரத்தைப் பிடுங்கி எறிந்தேன். திங்களன்று மல்லிகா அக்காவும் அவர் ஆட்களும் என்னோடு உட்கார்ந்தார்கள். திரையில் ஆங்கிலத்துக்குப் பதில் தமிழ் போடுவதாக முடிவு. யார் தமிழ் என்பதில்தான் சண்டை. ‘பெட்டி மூடப்பட்டது’ என்று எழுதினேன். “கோயில் நடை சாத்தறாப்புல இருக்குதுங்க” என்றாள் ஒருத்தி. ‘பொட்டி கட்டியாச்சு’ ஆனது. ‘நீக்கு’ என்பது ‘அழிச்சுப்போடு’ ஆனது. ‘உறுதிசெய்’ என்ற பொத்தானுக்கு முன்னால் எல்லோரும் தயங்கினார்கள். அதை ‘ஆமாங்க’ என்று மாற்றியதும் ஒருத்தியும் தயங்கவில்லை. கணினிக்கும் ‘ங்க’ போட்டுப் பேசும் ஊர் உலகில் இது ஒன்றுதான் இருக்கும்.

வியாழக்கிழமை நானூறு பெட்டிக்கு லேபிள் ஒட்டியாகிவிட்டது. மாலை நான்கு மணிக்கு லேபிள் அச்சிடும் இயந்திரம் கிறீச்சென்று நின்றது. உள்ளே காகிதத்தை இழுக்கும் உருளையின் ரப்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. புதியது சென்னையில் இருந்து வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். லாரிக்கு இரண்டு நாள்கூட இல்லை. “கோயமுத்தூருல கெடைக்காத சாமானா?” என்றார் முதலாளி. வெள்ளி விடிந்ததும் உருளையைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இங்கே தனியார் பஸ் ஓட்டுநர்களுக்குப் பின்னால் யாரோ துரத்துகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். பல்லடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வேகத்துக்குத் தண்டனையாக பெல்ட் அறுந்தது. எல்லோரையும் இறக்கிப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா அவித்த நிலக்கடலை தந்தார். மகள் வீட்டுக்குப் போகிறாராம். மருமகன் நல்லவன், ஆனால் சாப்பாட்டில் உப்புப் போதாது என்பான் என்று கதை ஓடியது. பாதிக் கடலை முடிந்தபோதுதான் என் மடி காலி என்று தெரிந்தது. உருளை முதல் பஸ்ஸில், தலைக்கு மேல் இருந்த கம்பித் தட்டில்.

நான் எழுந்து கத்தியது யாழ்ப்பாணத் தமிழ். ஒருவருக்கும் விளங்கவில்லை. கடலை அம்மாதான் மொழிபெயர்த்தார்: “இந்தப் புள்ள சப்பாத்திக்கட்டைய உட்டுப்போட்டு வந்துருச்சுங்களாமா!” நடத்துநர் ஒரு கேள்வியும் கேட்காமல் முதல் பஸ் நடத்துநரை அழைத்தார். என்னைப் பல்லடம் பஸ் நிலையத்தில் இறக்கி, “இங்கயே நில்லுங்க, அசையாதீங்க” என்றார். அம்மா மீதிக் கடலையை என் கையில் திணித்தார். முக்கால் மணி நேரம் நின்றேன். மூன்றாவதாக வந்த பஸ் நிற்கும் முன்பே படியில் தொங்கியபடி ஒருவர் உருளையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்: “சப்பாத்திக்கட்ட ஆருதுங்க?”

“என்ர!” என்று ஓடினேன். பஸ் நிலையமே பார்த்தது.

கோயம்புத்தூரின் பழைய பேட்டையில், ஒடுங்கிய தெருவில், அச்சு இயந்திரச் சாமான் விற்கும் சாதிக் பாயின் கடை. முதலாளி எழுதித் தந்த பெயர் அது. உருளையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இந்த மாடல் எங்கிட்ட இல்லீங்க. ஆனா வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். ஜும்மாவுக்கு நேரமாச்சு, தொழுதுட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் சாப்புடுங்க.” எதிர்க்கடையில் இருந்து பிரியாணி வந்தது. சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னதாக, மணமாக. கொழும்பில் பிரியாணிக்கு மேல் ஒரு முட்டையும் பக்கத்தில் மாசிக்கருவாட்டுச் சம்பலும் வைப்பார்கள். அவை இல்லாத குறை மூன்றாம் பிடியில் மறந்துபோனது.

தொழுகை முடிந்து வந்தவர், தன் ஸ்கூட்டரைக் கிளப்பினார். “கணபதில ஒரு லேத் பட்டறை இருக்குதுங்க. சொன்னாப் புரியாது, நானே கூட்டிட்டுப் போறேன்.”

கணபதி என்ற அந்தப் பகுதியில் வீடுகளுக்கு நடுவே பட்டறைகளா, பட்டறைகளுக்கு நடுவே வீடுகளா என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டுத் திண்ணையில் வடகம் காய்கிறது, அடுத்த கதவுக்குள் இரும்பு கடைகிறார்கள். பட்டறைக்காரர் செல்வராஜ் உருளையை அளந்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பிளந்த ரப்பரைச் சீவி எடுத்துவிட்டு, புது ரப்பர்க் குழாய் ஒன்றை இறுக்கமாக ஏற்றி, லேத்தில் மாட்டி மெல்ல மெல்லத் தேய்த்தார். நடுவில் ஆறு முறையாவது அளந்திருப்பார். நானும் சாதிக் பாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றரை மணி நேரத்தில் கையில் தந்தார்.

“ஒரு முடி அளவு மாறாதுங்க. மாறுச்சுன்னா எனக்குப் போன் போடுங்க, தாராபுரத்துக்கே வாரேன்.”

எங்கள் நிறுவனத்தில் இப்படி ஒருவர் எதற்கும் பொறுப்பேற்று நான் கேட்டதில்லை. திரும்பும் பஸ்ஸில் உருளையை மடியிலேயே வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உருளை ஓடியது. புதியதைவிட நன்றாக ஓடியது.

சனிக்கிழமை மதியம் லாரி வந்தது. ஒவ்வொரு பெட்டியையும் ஏற்றும்போது லேபிளை ஒரு சிறு கருவிக்குக் காட்டினார்கள், அது பீப் என்றது. மொத்தம் அறுநூற்று நாற்பது. கடைசிப் பெட்டி ஏறியது. திரையில் ‘இன்னும் ஒண்ணு பாக்கிங்க’ என்று நின்றது.

பதினொரு முகங்களும் வாடின. “போச்சுங்க. எல்லாத்தயும் எறக்கோணும்” என்றாள் ஒருத்தி. முதலாளி கதவுக்கருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் தொலைபேசி அடித்தது, பிரதீபன். எடுக்கவில்லை. திரையைத் தொட்டேன். விடுபட்டது எது என்று அதுவே சொன்னது: முந்நூற்று எண்பத்தெட்டாம் பெட்டி, ஆறு வயது அளவு, நீலம்.

“அக்கா, இறக்க வேண்டாம். ஏத்தினது எல்லாம் சரி. அந்த ஒரு பெட்டி இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு.”

மல்லிகா அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று அவர் தீர்மானித்த கணம் அது. பிறகு சாவிக்கொத்தை இடுப்பில் இறுக்கிச் செருகி, “தேடுங்க புள்ளைகளா!” என்றார். பதினொரு பேரும் நாலாபக்கமும் ஓடினார்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, சாப்பாட்டு மூலையில் இருந்து கூச்சல். எல்லோரும் மதியச் சாப்பாட்டுத் தூக்குப்போசிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்த மேசை மேசையே அல்ல. மேலே துண்டு விரித்த முந்நூற்று எண்பத்தெட்டு.

“எண்ணாமயே கண்டுபுடிச்சுப்போட்டமுங்க!” என்று மல்லிகா அக்கா அந்தப் பெட்டியைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். பீப் என்றது. ‘எல்லாம் ஏறியாச்சுங்க’ என்று திரை சொன்னது. லாரி தூத்துக்குடிக்குப் புறப்பட்டபோது மணி நான்கு. வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போவது பேக்கிங் பிரிவில் இதுவே முதல் தடவையாம். முதலாளி உள்ளே போய், எல்லோருக்கும் தேங்காய்பன் வாங்கிவரச் சொன்னார்.

அன்றே அவர் எங்கள் நிறுவனத் தலைமைக்கும் பிரதீபனுக்கும் சேர்த்து ஒரு கடிதம் அனுப்பினார். பேக்கிங் நன்றாக ஓடுகிறது, அதற்கு மட்டும் கையெழுத்து. மற்ற எட்டும் ஒவ்வொன்றாக ஓடும்போது ஒவ்வொன்றாகப் போடுவேன். மூன்று பேரை அனுப்புங்கள், பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த அம்மணியே முன்னால் நிற்கட்டும். ஒரு மணி நேரத்தில் பிரதீபன் அதன் முதல் வரியை மட்டும் எடுத்து, ‘தாராபுரத்தில் மாபெரும் வெற்றி’ என்ற தலைப்போடு அலுவலகம் முழுக்க அனுப்பியிருந்தார். படித்துவிட்டு லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகா அக்காவும் பேக்கிங் பெண்களும் ஒரு வேன் பிடித்து என்னைக் கொடுமுடிக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளகோவில் தாண்டும் வரை பாட்டு, அதன்பின் புளிச்சோறு. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கிணறு உண்டு, கடல் உண்டு. தண்ணீர் ஒன்று நிற்கும், அல்லது வந்து வந்து போகும். போய்க்கொண்டே இருக்கிற தண்ணீரில் நான் இறங்கியதில்லை. கோயிலுக்குக் கீழே படித்துறையில் அகலமாகக் காவிரி. முழங்கால் வரை இறங்கி, நிலை கொள்ளாமல் ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. பழக்கதோஷம், கையிலேயே வைத்திருந்தேன்.

“தர்சினி, வாழ்த்துகள். மூன்று பேர் தருகிறோம், நீதான் தலைமை. ஒரு சின்ன விஷயம். முதலாளி பன்னிரண்டு வாரம் என்கிறார். நான் மேலே எட்டு என்று சொல்லிவிட்டேன்.”

“பன்னிரண்டு” என்றேன்.

“பத்து?”

“பன்னிரண்டு.”

தண்ணீர் காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு போனது. விரலை ஊன்றிக்கொண்டேன்.

“சரி, பன்னிரண்டு. இன்று ஐந்து மணிக்கு ஒரு சின்னக் கூட்டம்...”

அதற்குள் மல்லிகா அக்கா ஈரக் கையோடு தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

“சாருங்களா? அம்மணி ஆத்துக்குள்ள நிக்குதுங்க. நாளைக்குப் பேசுங்க.”

தொலைபேசியை அணைத்தார். உலர்ந்த துண்டில் சுற்றி மேல்படியில் வைத்தார். பிறகு என் தலையில் கை வைத்து, “மூக்கப் புடிச்சுக்கிட்டு முங்குங்க கண்ணு” என்றார்.

முங்கினேன். காதுக்குள் காவிரி நிறைந்தது.